அன்றைக்கு எந்தக் காற்று?

தூத்துக்குடிக்கு வேலைக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்த ஊரில் சூரியன் எந்தப் பக்கம் மறைகிறது என்பது எனக்குத் தெரியாது என்பதை, ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற அக்காதான் கண்டுபிடித்தார்.

"சார், இது எந்த ஊர்க் கடல்?"

அவர் கையில் என் கவிதை இருந்தது. அந்திச் சூரியன் கடலுக்குள் மூழ்குவதையும் அதைப் பார்த்து ஒருவன் பெருமூச்சு விடுவதையும் எழுதியிருந்தேன்.

"நம்ம ஊர்க் கடல்தான்" என்றேன்.

"நம்ம ஊர்ல காலையிலதானே கடல்லேருந்து எந்திச்சு வரும்? சாயங்காலம் உப்பளத்துப் பக்கமாக் கரையிலல்லா போய் விழும். நீங்க கடல்ல விழுதுன்னு எழுதியிருக்கிய. வேற எங்கனயும் போயிப் பாத்தியளோன்னு கேட்டேன்."

குரலில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். பதில் வரும் என்று உண்மையிலேயே காத்துக்கொண்டு நின்றார். எழுத்துக்களை அடுக்கும் சின்ன இரும்புச் சட்டம் இடது கையில் இருந்தது. வலது கை விரல்களில் ஈயக் கறுப்பு. அச்சக முதலாளி மேசைக்குப் பின்னாலிருந்து, "அவ கேப்பா சார், கண்டுக்கிடாதீங்க. ஆனா அவ கோத்தா ஒரு பிழை இருக்காது" என்றார்.

அன்று மாலை ஆபீஸ் முடிந்ததும் கடற்கரைக்குப் போனேன். முன்னால் கடல் நிறம் மங்கிக்கொண்டே போனது. சூரியன் என் முதுகுக்குப் பின்னால், உப்புக் குவியல்களுக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்தது. பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் நான் கிளார்க். தினமும் இரண்டு தடவை அந்தக் கரையோரமாக சைக்கிளில் போகிறவன். எந்தச் சினிமாவில் பார்த்த சூரியனை எழுதினேன் என்று எனக்கே விளங்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகள் ஊரையே புழுதியாக்கிக்கொண்டிருந்தன. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு சின்னக் கவிதைப் பத்திரிகை கொண்டுவந்தோம். நான் சாத்தான்குளத்துக்காரன். பனங்காட்டில் பிறந்தவன். மற்ற மூவரும் உள்ளூர் ஆட்களில்லை. ஆனால் எங்கள் பத்திரிகையில் கடல் இல்லாத பக்கமே கிடையாது.

அந்த அக்காவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஏறக்குறைய என் வயதுதான். அச்சகத்தில் எல்லாரும் அக்கா என்றதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். பெயர் தெரியும். எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அப்பா முத்துக் குளித்தவர். ஆழத்தில் காது உடைந்து, இரண்டு காதும் கேட்காமல் போய்விட்டது. அம்மாவும் ஒரு தம்பியும் உண்டு. "அப்பாகிட்ட ஒண்ணையும் சுத்திவளைச்சுச் சொல்ல முடியாது சார். சத்தமா, நேரா, எது எங்கேன்னு சொல்லணும். இல்லன்னா கையால காட்டணும்" என்று ஒருநாள் சொன்னார். அவருடைய பழக்கத்துக்கு அதுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது.

பழக்கம் என்று நான் சொல்வது கேள்வி கேட்பதை. பிழை பார்க்க எங்களுக்கு வரும் மெய்ப்புத் தாளின் ஓரத்தில் பென்சிலால் பொடிப்பொடியாக எழுதி அனுப்புவார். 'எந்தப் பறவை?' 'அலை பாடுச்சுன்னா உள்ள போற அலையா, திரும்புற அலையா?' 'தென்றல்னா எங்கேருந்து?' இந்தக் கடைசிக் கேள்வி எல்லா இதழிலும் இருக்கும். அவர் வீட்டில் வாடை உண்டு, கொண்டல் உண்டு, ஆனியில் மண்ணை வாரி அடிக்கும் கச்சான் உண்டு. தென்றலை மட்டும் அவர் எங்கள் கவிதைகளில்தான் சந்தித்தார். கவிதை நன்றாயிருக்கிறது, இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஒருதடவை மட்டும், "சார், பொட்டியில 'நி' தீந்துட்டு. நாலு பேரும் நிலாவ எழுதியிருக்கிய. யாராவது ஒருத்தர் சூரியனுக்கு மாறினியன்னா இன்னைக்கே முடிச்சிரலாம்" என்றார்.

எங்கள் நால்வரில் ஒருவர் பள்ளித் தமிழாசிரியர். மழைத்துளி சிப்பியின் வாயில் விழுந்து முத்தாக விளைகிறது, அதுபோல் மனிதனும் நல்லவர் மடியில் விழுந்தால் உயர்வான் என்று எழுதியிருந்தார். அவர் அச்சகத்துக்கு வந்த அன்று நானும் கூட இருந்தேன்.

"சார், சிப்பி எட்டுப் பாகத்துக்குக் கீழ கெடக்கும். எட்டு ஆள் உயரம்னு வச்சிக்கிடுங்க. ஒரு சொட்டு மழை கரையாம அங்கன வரைக்கும் எப்படிப் போவும்?"

"அது மரபும்மா."

"மரபுன்னா யாரு பாத்தது சார்?"

"யாரும் பாக்க வேண்டாம். இது கவிதை, விஞ்ஞானமில்ல."

"சரி சார். எங்கப்பா சிப்பிக் குவியலைக் கரையில அழுகப் போட்டிருப்பாவ. அந்த நாத்தத்துல மூக்கப் பொத்தாம யாரும் நிக்க முடியாது. புழு நெளியும். அதுக்குள்ளதான் கையவிட்டுத் துழாவணும். அப்படி ஒரு நாத்தத்துலேருந்து இம்புட்டு வெளிச்சமா ஒண்ணு வருதேன்னு சின்னதுல எனக்கு ஆச்சரியமா இருக்கும். அத யாரும் எழுதலியேன்னு கேட்டேன்."

ஆசிரியர் முகம் சிவந்தது. "கோக்கிற வேலையை மட்டும் பாரும்மா" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா அந்தக் கவிதையை ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் கோத்துக் கொடுத்தார். பிசகாமல் கோப்பது வேறு, ஒப்புக்கொள்வது வேறு என்பது அவர் கணக்கு.

நானும் ஒருநாள் அவரை மடக்கப் பார்த்தேன். "நீங்க மட்டும் 'கடலம்மா கோவமா இருக்கா'ன்னு சொல்லுதியளே, அது என்ன? கடலுக்குக் கோவம் வருமா?"

அவர் எழுத்துப் பெட்டிப் பக்கம் திரும்பிக் கோப்பதைத் தொடர்ந்தார். இரண்டு நாள் கழித்து நான் மெய்ப்பு வாங்கப் போனபோது, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடங்கினார்.

"யோசிச்சுப் பாத்தேன் சார். எங்க வீட்ல கடலம்மா கோவமா இருக்கான்னு யாராவது சொன்னா, அன்னைக்குக் கட்டுமரத்தைக் கடல்ல தள்ள மாட்டாவ. வலையைக் காயப் போட்டிருவாவ. அது ஒரு தாக்கல் சார். போவாத, வீட்ல இருன்னு அர்த்தம். நீங்க கவிதையில சொல்லும்போது, படிக்கிறவன் என்ன செய்யணும்?"

அதன்பிறகு ஒவ்வொரு வரியும் எழுதும்போது அந்தக் கேள்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. சில கவிதைகளை அதனாலேயே கிழித்துப் போட்டேன். சிலவற்றை அச்சகத்துக்கு எடுத்துப் போக ஆவலாக இருந்தது. இதில் என்ன கேட்பார் பார்ப்போம் என்று.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் பாய்த் தோணியில் அவன் வேலை பார்த்தான். கரையில் இருக்கும் நாட்களில் மத்தியானம் அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுவருவான். வாசலில் நின்றபடியே, "எக்கா, இன்னைக்கு எந்தக் கவிஞரு மாட்டுனாரு?" என்பான். என்னைப் பார்த்தால் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரிப்பான். ஒருநாள் நானே கேட்டேன், நடுக்கடலில் தனியாக இருக்கும்போது எப்படி இருக்கும் என்று. அவன் தலையைச் சொறிந்தான். "தனியா எங்க சார் இருக்கு? எட்டுப் பேரு இருக்கோம். ஒருத்தன் குறட்டை விடுவான், ஒருத்தன் சமையலைத் திட்டுவான்." அக்கா எழுத்துப் பெட்டியைப் பார்த்தபடியே சிரித்தார்.

ஒரு மாசி மாதம் அந்தத் தோணி போய்ச் சேரவில்லை.

மூன்று பேரை மறுநாள் காலையில் இன்னொரு தோணிக்காரர்கள் தூக்கி வந்தார்கள். ஐந்து பேர் வரவில்லை. ஐவரில் அக்காவின் தம்பியும் ஒருவன். கடலில் தோணி கவிழ்ந்து ஐவர் பலி என்று நாளிதழில் நான்கு வரி வந்தது. நான் துக்கத்துக்குப் போனேன். வீட்டுக்குள் பெண்களின் அழுகை. வாசலில் அந்த வயதானவர் காது கேட்காமல், வருகிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா என்னைப் பார்த்தார்.

முப்பதாம் நாள் மாதா கோவிலில் பூசை வைக்க ஏற்பாடாயிற்று. தோணி முதலாளி தன் செலவில் ஒரு நினைவு மலர் அச்சடிக்கப் போவதாகச் சொன்னார். ஊரில் பெரிய மனிதர், பேச்சு மென்மையாக இருக்கும். எங்கள் ஆபீஸுக்கு வரும் சரக்கில் பெரும்பங்கு அவருடையது. கவிதைகள் வேண்டும் என்று எங்களைக் கேட்டார். தமிழாசிரியர் எழுதினார். நானும் ஒரே இருப்பில் எழுதினேன். மலரின் முதல் பக்கத்துக்கு என் கவிதைதான் என்று முடிவாயிற்று. எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா வேலைக்குத் திரும்பியிருந்தார். இந்த வேலையை அவரிடம் கொடுக்க அச்சக முதலாளிக்கு மனமில்லை. அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். "என் தம்பிக்கு உள்ளது. நான்தான் கோக்கணும்."

இரண்டாம் நாள் போனபோது என் கவிதை பாதியில் நின்றிருந்தது. கோத்திருந்தது நான்கு வரி. ஐந்தாவது வரி, 'பசித்த கடல் ஐவரை விழுங்கிவிட்டு அமைதியாய் உறங்குகிறது.' கைப்பிரதியில் அந்த வரிக்கு நேராகப் பென்சிலால் எழுதியிருந்தார். 'அன்னைக்கு எந்தக் காத்து?'

"தெரியல அக்கா" என்றேன்.

"காத்தே இல்ல சார். பாய் தொங்கிப்போய்க் கெடந்திருக்கு. கடல் எண்ணெ மாதிரி இருந்திருக்கு. தப்பி வந்தாவல்லா மூணு பேரு, அவியளக் கேட்டா சொல்லுவாவ. நீங்க கேட்டியளா?"

நான் கேட்கவில்லை. அவர்களுடைய வீடு என் ஆபீஸிலிருந்து சைக்கிளில் பத்து நிமிஷம்.

"அடிப் பலகை விட்டுப்போச்சு. ரெண்டு நடையாத் தண்ணி ஏறிக்கிட்டுதான் இருந்துது. கரையேத்தி, பலகை இடுக்குல பஞ்சடிக்கணும்னு தண்டல் சொல்லியிருக்காரு. தோணிக்குத் தலைவரு அவருதான, அவரு சொல்லியும் கேக்கல. 'இந்த ஒரு நடை போயிட்டு வந்துருங்க, பிறகு பாப்போம்'னு சொல்லி அனுப்பியிருக்காரு முதலாளி. என் தம்பியும் இன்னும் நாலு பேரும் உள்ள எறங்கித் தண்ணிய எறச்சிக்கிட்டு இருந்திருக்காவ. ஏத்தியிருந்த கூரை ஓடெல்லாம் ஒரு பக்கமாச் சரிஞ்சிட்டு. உள்ள இருந்தவிய உள்ளயே போயிட்டாவ."

அவர் அழவில்லை. விளக்கும்போது இருக்கும் அதே குரல்.

"அக்கா, நான் யாரையும் காப்பாத்தணும்னு எழுதல. துக்கத்துலதான் எழுதுனேன்."

"தெரியும் சார். தெரியாம எழுதிட்டிய. நான் கடலுக்காகவும் பேசல. கடல் எங்களுக்குச் சொந்தக்காரியும் இல்ல, எதிரியும் இல்ல. ஆனா கடல் விழுங்கிட்டுன்னு அச்சடிச்சிட்டோம்னா, அதுக்கப்பறம் யாரும் யாரையும் கேக்க வேண்டாம்லா? பூசைக்கு வாரவங்க படிச்சிட்டு, பாவம் கடல் இப்படிப் பண்ணிட்டேன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருவாவ." சட்டத்தைக் கீழே வைத்தார். "இந்த வரிய என்னால கோக்க முடியாது. வேற யாரையாவது வச்சுக் கோத்துக்கிடுங்க. நான் கோவிச்சுக்கிட மாட்டேன்."

கவிதையைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆபீஸுக்குப் போகவில்லை. தப்பி வந்த மூவரில் மூத்தவரைத் தேடிப் போனேன். தோள்பட்டையில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். என்னை யாரோ அதிகாரி என்று நினைத்து எழுந்து உட்காரப் பார்த்தார். "நான் கவிதை எழுதுறவன் அண்ணாச்சி" என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அக்கா கேட்பதுபோலவே ஒவ்வொன்றாகக் கேட்டேன். எந்த நேரம், எந்தப் பக்கம், தண்ணீர் எந்த இடத்தில் வந்தது, யார் எங்கே நின்றார்கள். அவர் கேட்டதற்குமேல் சொன்னார். அதுவரை அவரிடம் அவ்வளவு விவரமாக யாரும் கேட்டிருக்கவில்லை. இரண்டாம் தடவை போனபோது அவரே ஒரு தீப்பெட்டியைக் கவிழ்த்து வைத்து, தோணி எப்படிச் சரிந்தது என்று காட்டினார்.

நான்கு நாளில் புதிதாக எழுதினேன்.

'காற்று இல்லை.
பாய் தொங்கிக் கிடந்தது.
அலை முழங்கால் உயரமும் இல்லை.
மூன்றாம் பலகைக்கும் நான்காம் பலகைக்கும் நடுவில்
விரல் நுழையும் இடைவெளி.
சாக்கைச் சுருட்டி அதை அடைத்தபடி
ஒருவன் உள்ளே இருந்தான்.
கரையில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.'

அக்கா நின்ற வாக்கிலேயே படித்தார். பிறகு, "மூணாம் பலகைன்னா கீழேருந்து எண்ணணுமா, மேலேருந்தா?" என்றார். தெரியவில்லை. திரும்பவும் போய்க் கேட்டு வந்தேன். கீழிருந்து. அதையும் சேர்த்துக் கோத்தார்.

மெய்ப்பு தோணி முதலாளிக்குப் போனது. மறுநாள் கூப்பிட்டனுப்பினார். மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்து காப்பி கொடுத்தார்.

"என்ன தம்பி, இது போலீஸ் எழுதின மாதிரில்லா இருக்கு. கவிதையில ஒரு அழகு வேண்டாமா? முதல்ல நீங்க எழுதினதா ஒண்ணு காட்டினாங்களே, கடல் உறங்குதுன்னு, படிச்சதும் எனக்குக் கண்ணீர் வந்துட்டு. இயற்கையைப் பத்தி எழுதுங்க தம்பி. அதுல யாருக்கும் வருத்தமில்ல."

அவர் பொய்யாகச் சொல்லவில்லை. கண்ணீர் வந்திருக்கத்தான் வேண்டும். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அந்தக் கவிதை இப்ப இல்லைங்க" என்றேன். காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்தது மரியாதைக் குறைவு என்று எங்கள் மேனேஜர் வரை செய்தி போயிற்று.

நினைவு மலர் என் கவிதை இல்லாமல் வந்தது. முதல் பக்கத்தில் தமிழாசிரியரின் 'கடல் தாயே, ஏன் எடுத்தாய்?' வேறோர் அச்சகத்தில் அடித்தார்கள். என் கவிதையை எங்கள் பத்திரிகையில் போட்டோம். தமிழாசிரியர் குழுவைவிட்டு விலகிக்கொண்டார். பூசை முடிந்து ஆட்கள் வெளியே வரும்போது, அந்தப் பத்திரிகையை அக்கா கோவில் வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். படிக்கத் தெரியாதவர்களுக்கு அங்கேயே நின்று படித்துக் காட்டினார். அவருடைய அப்பாவிடம் மட்டும் விரலால் பலகைகளை எண்ணிக் காட்டினார். கிழவர் மூன்றாவது விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

அன்றைக்குக் கூச்சல் ஒன்றும் எழவில்லை. ஆனால் கேள்விகள் எழுந்தன. கோவில் வாசலில் தொடங்கி, ஏலக்கூடத்தில், டீக்கடையில், கடைசியில் தோணி முதலாளியின் வீட்டுப் படிவரை. மற்ற நான்கு குடும்பத்துப் பெண்களும் சேர்ந்து ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய், "எந்தப் பலகைன்னு தண்டல் சொன்னாரா, இல்லையா?" என்று மட்டும் கேட்டார்களாம். அவர் உள்ளேயிருந்து வரவில்லையாம். அரசாங்க விசாரணை ஒன்று நடந்தது. அதில் என்ன முடிவாயிற்று என்று எங்களுக்குச் சொல்லப்படவேயில்லை. எங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "வே, எழுதணும்னா மலை, மரம்னு எழுதும்வே. ஆளுகளை ஏன் இழுக்கேரு?" என்றார். இரண்டு மாதத்தில் என்னை ஆபீஸிலிருந்து எடுத்து, லாரிக்குச் சரக்கு ஏற்றுகிற இடத்தில் வெயிலில் நிற்கப் போட்டார். அக்கா வேலை பார்த்த அச்சகத்துக்குத் தோணி முதலாளியின் ரசீதுப் புத்தக வேலைகள் வருவது நின்றது. அச்சக முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அக்காவே நாகர்கோவிலில் ஒரு பெரிய அச்சகத்தில் இடம் பேசிக்கொண்டார்.

அவர் ஊரைவிட்டுப் போவதற்கு முந்தின வாரம், ஆனி மாதம். கச்சான் தொடங்கிவிட்டதால் தோணிகள் ஓடாத காலம். லாரிக்கு நின்றிருந்த இடத்திலிருந்து பார்த்தேன். தோணி முதலாளியின் மற்ற மூன்று தோணிகளையும் கரையேற்றி முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். வழக்கமாக இரண்டு வருஷத்துக்கு ஒன்றைத்தான் ஏற்றுவாராம். இப்போது மூன்றும் ஒன்றாக. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. தச்சர்கள் பஞ்சைத் திரித்துப் பலகை இடுக்குகளில் வைத்து உளியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். டக் டக் என்ற சத்தம் ரோடு வரை கேட்டது.

அக்கா அங்கே இருந்தார். காற்று சேலையைப் பிய்த்துக்கொண்டு போக, முந்தானையை இடுப்பில் சுற்றிச் செருகியிருந்தார். முதல் தோணியின் அடியில் குனிந்து, புதிதாக அடித்த இடுக்கில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். ஒரு சாண் தள்ளி மறுபடி அழுத்தினார்.

"ஏளா, அங்கன கைய வைக்காத. இன்னும் குங்கிலியம் பூசல" என்று தச்சர் சத்தம் போட்டார்.

"சரி அண்ணாச்சி. இந்த எடம் கொஞ்சம் அமுங்குது. பாருங்க."

தச்சர் முனகிக்கொண்டே வந்து பார்த்தார். பிறகு உளியை எடுத்து அந்த இடத்தை இன்னொருமுறை அடித்தார். லாரி வந்துவிட்டதால் என்னைக் கூப்பிட்டார்கள். நான் போகும்போது அக்கா இரண்டாவது தோணிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்.